வெயிலின் பங்கு எவ்வளவு, கட்டடத்தின் பங்கு எவ்வளவு?

ஒரு அலுவலகக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். போன ஆண்டு கோடையில் ஒரு மாதத்துக்கு 39,000 யூனிட் மின்சாரம் செலவானது. அதன்பிறகு பழைய ஏசி இயந்திரங்களைக் கழற்றிவிட்டுப் புதியவை மாட்டினார்கள். இந்த ஆண்டு அதே மாதத்தில் மீட்டர் காட்டியது 40,500 யூனிட். பணம் போட்டவர் கேட்கிறார்: "குறையும் என்றீர்களே, கூடியல்லவா இருக்கிறது?" மாட்டியவர் சொல்கிறார்: "இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி சார்."

இருவரிடமும் கணக்கு இல்லை. வெயில் எவ்வளவு ஜாஸ்தி, அந்த ஜாஸ்திக்கு இந்தக் கட்டடம் எத்தனை யூனிட் கூடுதலாக இழுக்கும் என்று சொன்னால்தான் அது பதில். அதைச் சொல்லப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஓர் ஆண்டின் மீட்டர் கணக்கு, அதே நாட்களின் வெப்பநிலை, ஒரு எக்செல் தாள் இருந்தால் தொடங்கிவிடலாம். மேலே சொன்ன எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. அவற்றையே பிடித்துக்கொண்டு கடைசிவரை போகலாம்.

உள்ளே வரும் வெப்பம், உள்ளேயே பிறக்கும் வெப்பம்

வெப்பம் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும். சுவர், கூரை, கண்ணாடி, கதவிடுக்கு என்று எல்லா வழிகளிலும் போகும். எவ்வளவு போகும் என்பது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. வித்தியாசம் இரண்டு மடங்கானால் வெப்பமும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நம் வேலையைச் சுலபமாக்குவது இந்த நேர்விகிதம்தான். பின்னால் ஒரு நேர்கோடு வரப்போகிறது என்றால், அதற்கு வேர் இங்கே இருக்கிறது.

ஆனால் கட்டடத்துக்குள்ளேயும் வெப்பம் பிறக்கிறது. சும்மா உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு ஆள் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். கணினி, விளக்கு, அச்சு இயந்திரம் எல்லாம் தாங்கள் எடுக்கும் மின்சாரத்தைக் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் விடுகின்றன. ஜன்னல் வழியே வரும் வெயில் வேறு.

ஒரு தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 20 பேர், ஆக 2 கிலோவாட். கணினிகளும் விளக்குகளும் 2 கிலோவாட். வெயில் சராசரியாக 1 கிலோவாட். மொத்தம் 5 கிலோவாட். உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வித்தியாசப்பட்டால் அந்தத் தளத்தின் சுவர்களும் கண்ணாடியும் காற்றுக் கசிவும் சேர்ந்து 500 வாட்டைக் கடத்தும் என்று வைத்துக்கொண்டால், 5 கிலோவாட்டும் தானாக வெளியேற 10 டிகிரி வித்தியாசம் வேண்டும். உள்ளே 24 டிகிரியில் வைத்திருக்க ஆசைப்பட்டால், வெளியே 14 டிகிரி இருக்கும்போதுதான் ஏசியும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம் என்ற நிலை. ஜன்னல்கள் மூடியே இருக்கின்றன என்றால், 15 டிகிரியில்கூட ஏசி ஓடத் தொடங்கிவிடும்.

இந்த 14 டிகிரியைச் சமநிலை வெப்பநிலை என்று சொல்லலாம். புதிதாக இந்தக் கணக்குக்குள் வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. ஏசியை 24-ல் வைத்திருக்கிறோம், ஆகவே வெளியே 24-ஐத் தாண்டினால்தான் செலவு என்று நினைப்பது இயல்பு. கூட்டமும் இயந்திரங்களும் நிறைந்த கட்டடத்தில் செலவு அதற்கு வெகுமுன்பே தொடங்கும். ஆள் குறைந்த, காற்றோட்டமுள்ள வீட்டில் 24-க்கு மிக அருகில் தொடங்கும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் இந்த எண் வேறு.

டிகிரி நாள்

சமநிலைக்கு மேலே வெளி வெப்பநிலை எவ்வளவு போனது, எத்தனை நாள் போனது என்ற இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கும் வழிதான் டிகிரி நாள். கணக்குத் தொடங்கும் அந்தச் சமநிலையை, அதாவது அடிப்படையை, 18 டிகிரி என்று வைத்துக்கொண்டால், சராசரி 28 டிகிரி இருந்த ஒரு நாளுக்கு 10 குளிர்விப்பு டிகிரி நாள். 17 டிகிரி இருந்த நாளுக்கு சைபர். கழித்தல் குறி போடுவதில்லை. மாதத்தின் எல்லா நாட்களையும் கூட்டினால் அந்த மாதத்தின் எண். குளிர்ப் பகுதிகளில் இதையே திருப்பிப்போட்டு, அடிப்படைக்குக் கீழே எத்தனை டிகிரி என்று கூட்டினால் சூடேற்ற டிகிரி நாள்.

மாதச் சராசரியே போதாதா என்று கேட்கலாம். நான்கு நாட்களை மட்டும் பாருங்கள்: 14, 16, 20, 22. சராசரி சரியாக 18. சராசரியை நம்பினால் ஏசிக்கும் வேலையில்லை, ஹீட்டருக்கும் வேலையில்லை. உண்மையில் முதல் இரண்டு நாட்களில் சூடேற்றம் 6 டிகிரி நாள், அடுத்த இரண்டு நாட்களில் குளிர்விப்பு 6 டிகிரி நாள். சராசரி இரண்டையும் அடித்துவிட்டது. ஆண்டு முழுக்க வெயில் அடிக்கும் இடங்களில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பருவம் மாறும் மாதங்களில் நன்றாகவே தெரியும்.

இந்த எண்ணம் கட்டடத்துக்காகப் பிறந்ததே இல்லை. 1878-ல் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பயிர் வளரும் காலத்தைக் கணக்கிட இதைப் பயன்படுத்தினார். பிறகு அமெரிக்காவில் வீடுகளுக்குச் சூடேற்றும் எண்ணெய் விற்றவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். யார் வீட்டுத் தொட்டி எப்போது காலியாகும் என்று வீட்டுக்குப் போய்ப் பார்க்காமலே சொல்ல இந்தக் கணக்கு உதவியது.

அமெரிக்காவில் வழக்கமான அடிப்படை 65 ஃபாரன்ஹீட், அதாவது 18.3 செல்சியஸ். பிரிட்டனில் 15.5 செல்சியஸ். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த டிகிரி நாள் பட்டியல்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றை வைத்துக் கணக்கிட்டவை. முதல் முயற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் உங்கள் கட்டடம் அந்த எண்ணுக்கு ஒத்துப்போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. 1980-களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஃபெல்ஸ் தலைமையில் உருவான பிரிசம் என்ற முறை இதைத்தான் சரிசெய்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அடிப்படை வெப்பநிலையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, அந்த வீட்டின் கணக்கோடு எது நன்றாகப் பொருந்துகிறதோ அதையே வைத்துக்கொள்ளும். எக்செல்லில் நீங்களும் இதைச் செய்யலாம். 14-ல் தொடங்கி 24 வரை ஒவ்வொரு டிகிரியாகப் போட்டுப் பாருங்கள். டிகிரி நாளையும் யூனிட்டையும் புள்ளிகளாக வைத்துக் கோடு போட்டால், எங்கே புள்ளிகள் கோட்டை ஒட்டி நிற்கின்றனவோ, அதுவே உங்கள் கட்டடத்தின் எண்.

முதலில் படம், பிறகுதான் கணக்கு

சூத்திரத்துக்குள் குதிக்கும் முன் ஒரு படம் போடுங்கள். கிடை அச்சில் வெளி வெப்பநிலை, செங்குத்து அச்சில் ஒரு நாளுக்கான யூனிட். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு புள்ளி; தினசரிக் கணக்கு கிடைத்தால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. இந்தப் படத்தைப் பார்க்காமல் நேராக ரெக்ரஷன் (புள்ளிகளுக்கு மிக நன்றாகப் பொருந்தும் கோட்டைக் கண்டுபிடிக்கும் கணக்கு) போட்டு வந்த அறிக்கைகளை நான் நம்புவதில்லை. எண் சொல்லாததைப் படம் சொல்லிவிடும்.

ஏசி மட்டும் உள்ள கட்டடத்தின் படம் ஹாக்கி மட்டையைப் படுக்கவைத்தது போல வரும்: இடப்பக்கம் சமமாக ஓடி, ஒரு இடத்தில் வளைந்து, வலப்பக்கம் மேலே ஏறும். வளையும் இடம் சமநிலை வெப்பநிலை. சமமான பகுதியின் உயரம், வானிலை எப்படி இருந்தாலும் செலவாகும் அடிப்படைச் சுமை: விளக்கு, கணினி, லிஃப்ட், தண்ணீர் மோட்டார், சர்வர். ஏறும் பகுதியின் சாய்வு, வெளியே ஒரு டிகிரி கூடினால் எத்தனை யூனிட் கூடும் என்பது. குளிர்காலத்தில் மின்சாரத்தாலேயே சூடேற்றும் கட்டடமானால் இடப்பக்கமும் மேலே ஏறி, படம் வாய் அகன்ற கிண்ணம் மாதிரி ஆகிவிடும்.

சுவாரஸ்யம் இந்த ஒழுங்கான வடிவங்களில் இல்லை, கோணலானவற்றில்தான் இருக்கிறது. வலது ஓரத்தில், கடும் வெயில் நாட்களில், ஏறிக்கொண்டிருந்த கோடு திடீரென்று சமமாகிவிட்டால் என்ன அர்த்தம்? மின்சாரம் மிச்சமாகிறது என்று மகிழ வேண்டாம். ஏசி தன் முழுத் திறனையும் கொடுத்து முடித்துவிட்டது, அதற்குமேல் அதனால் முடியவில்லை. உள்ளே இருப்பவர்கள் வியர்த்துக்கொண்டிருப்பார்கள். கிண்ணத்தின் அடிப்பகுதி இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில் இருந்தால், ஒரே நேரத்தில் ஒரு பக்கம் குளிர்வித்து இன்னொரு பக்கம் சூடேற்றிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. பெரிய கட்டடங்களின் மைய ஏசி அமைப்புகளில் இது நடக்கும்: காற்றை முதலில் அளவுக்கு மீறிக் குளிரவைத்து, பிறகு ஒவ்வொரு அறைக்கும் தேவையான அளவுக்குத் திரும்பச் சூடாக்குவார்கள். இரண்டுக்கும் மீட்டர் ஓடும்.

புள்ளிகள் இரண்டு தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்து நின்றால், பெரும்பாலும் ஒன்று வேலைநாள், மற்றது விடுமுறை. விடுமுறைக் கூட்டம் வேலைநாள் கூட்டத்துக்கு மிக அருகில் நின்றால், ஆளில்லாத கட்டடத்தில் யாரோ எதையோ அணைக்காமல் போகிறார்கள். எந்தச் சாய்வும் இல்லாமல் புள்ளிகள் படுத்துக் கிடந்தால், வானிலை இந்தக் கட்டடத்தின் செலவைப் பெரிதாகத் தீர்மானிக்கவில்லை. சர்வர் மையம், இரவு பகல் ஓடும் தொழிற்கூடம் போன்றவை அப்படி இருக்கும். ஏசி உள்ள சாதாரண அலுவலகம் அப்படி இருந்தால் மட்டும் சந்தேகப்பட வேண்டும். தெர்மோஸ்டாட் சொல்வதை ஏசி கேட்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

39,000-ம் 40,500-ம்

சரி, தொடங்கிய கணக்குக்கு வருவோம். ஏசி மாற்றுவதற்கு முந்தைய ஆண்டின் 12 மாதங்களையும் படமாகப் போட்டபோது இப்படிக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்: அடிப்படைச் சுமை நாளுக்கு 800 யூனிட், சமநிலை 18 டிகிரி, அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரி நாளுக்கும் 50 யூனிட்.

போன ஆண்டின் அந்த 30 நாள் மாதத்தில் ஒவ்வொரு நாளும் 28 டிகிரியை ஒட்டியே இருந்தது. ஆக 300 டிகிரி நாள். 30 நாள் அடிப்படைச் சுமை 24,000. வெயிலுக்கு 300 முறை 50, அதாவது 15,000. கூட்டினால் 39,000. மீட்டரோடு பொருந்துகிறது.

இந்த ஆண்டு அதே மாதத்தில் சராசரி 31. டிகிரி நாள் 390. பழைய ஏசியே இருந்திருந்தால் 24,000-மும் 19,500-மும் சேர்ந்து 43,500 ஆகியிருக்கும். மீட்டர் காட்டியது 40,500. ஆக 3,000 யூனிட் மிச்சம், ஏறத்தாழ 7 விழுக்காடு. மாட்டியவர் சொன்னது சரிதான், இப்போது அதற்கு எண் இருக்கிறது.

இன்னொரு படி உள்ளே போகலாம். விளக்கும் கணினியும் மாறவில்லை, 24,000 அப்படியே இருக்கிறது என்றால், வெயிலுக்கான பங்கு 16,500. அதை 390-ஆல் வகுத்தால் டிகிரி நாளுக்கு 42 யூனிட் சொச்சம். 50 என்பது 42 ஆகியிருக்கிறது. புதிய ஏசியின் வேலை இந்தச் சாய்வில்தான் தெரியும்.

ஆனால் சாய்வு குறைந்ததற்கு ஏசி மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது, அந்த வெப்பத்தை வெளியே தள்ள ஏசி எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது, இரண்டும் சேர்ந்ததுதான் சாய்வு. கூரைக்கு வெப்பத்தடுப்பு போட்டாலும் குறையும், நல்ல ஏசி போட்டாலும் குறையும். இரண்டையும் ஒரே மாதத்தில் செய்தால், எது எவ்வளவு மிச்சம் பிடித்தது என்று இந்தப் படத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. முடிந்தால் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், இடையில் சில மாதம் விடுங்கள்.

எல்இடி விளக்குக்கு மாறினால் நடப்பது இதைவிட வேடிக்கை. அடிப்படைச் சுமை இறங்கும், அது எதிர்பார்த்ததுதான். விளக்கு உள்ளே விட்ட வெப்பமும் குறைவதால் வளைவுப் புள்ளி வலப்பக்கம் நகரும். 18 டிகிரியில் ஓடத் தொடங்கிய ஏசி 19-ல் தொடங்கும். ஒரு விளக்கு மாற்றம் படத்தின் இரண்டு இடங்களைத் தொடுகிறது. குளிர்ப் பகுதியில் இதே மாற்றத்தால் சூடேற்றும் செலவு சற்றுக் கூடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெப்பநிலை மட்டும் போதுமா?

பெரும்பாலான கட்டடங்களுக்குத் தொடக்கத்தில் போதும். கடலோரமும் ஈரமான வெப்ப நாடுகளும் விதிவிலக்கு. அங்கே ஈரப்பதத்தை விட்டுவிட்டால் கணக்கு ஏமாற்றும்.

ஏசி காற்றைக் குளிர்விக்கும்போது அதிலுள்ள நீராவியையும் தண்ணீராக்கி வெளியே விடுகிறது. பின்னால் தொங்கும் குழாயில் சொட்டுவது அதுதான். ஒரு லிட்டர் நீர் சொட்ட வேண்டுமானால் கிட்டத்தட்ட 0.68 கிலோவாட் மணி வெப்பத்தை அந்த இயந்திரம் வெளியேற்ற வேண்டும். காற்றின் வெப்பநிலை அதனால் ஒரு டிகிரிகூடக் குறைந்திருக்காது.

எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பார்க்க இரண்டு நாட்களை ஒப்பிடுவோம். இரண்டிலும் வெளியே 30 டிகிரி. ஒரு நாள் ஈரப்பதம் 40 விழுக்காடு, இன்னொரு நாள் 80. வெளிக்காற்றை உள்ளே எடுத்து 24 டிகிரி, 55 விழுக்காடு ஈரப்பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். உலர்ந்த நாளில் ஒரு கிலோ காற்றுக்கு ஏறத்தாழ 7 கிலோஜூல் எடுக்க வேண்டும். ஈரமான நாளில் 35. ஐந்து மடங்கு. இரண்டு நாட்களுக்கும் டிகிரி நாள் கணக்கு ஒரே எண்ணைத்தான் கொடுக்கும். இது வெளிக்காற்றுக்கான கணக்கு மட்டும். சுவர் வழியாக வரும் வெப்பத்துக்கு ஈரப்பதத்தோடு சம்பந்தமில்லை. ஆகவே புதிய காற்றை நிறைய உள்ளே இழுக்கும் மருத்துவமனை, அரங்கம், வணிக வளாகம் போன்றவற்றில்தான் இது பெரிதாக அடிக்கும். அங்கே வெப்பநிலையோடு பனிநிலையையும் இன்னொரு காரணியாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. பனிநிலை என்பது காற்றிலுள்ள நீராவி தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை. காற்றில் உண்மையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை அது காட்டும். ஈரப்பத விழுக்காடு, காற்றிலுள்ள நீர் மாறாவிட்டாலும் வெப்பநிலை ஏறினால் இறங்கி, இறங்கினால் ஏறுவதால் கணக்கைக் குழப்பும்.

அடுத்தது வெயிலின் நேரடிச் சூடு. தெளிந்த வானத்தில் உச்சி நேரத்தில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் அளவுக்குக் கதிர்வீச்சு விழும். கண்ணாடிச் சுவர் நிறைந்த கட்டடத்துக்கு, 30 டிகிரி மேகமூட்டமும் 30 டிகிரி சுட்டெரிக்கும் வெயிலும் ஒன்றல்ல. கிழக்கும் மேற்கும் பார்த்த கண்ணாடிகள்தான் ரொம்பப் படுத்தும். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ இருப்பதால் மேலே நீட்டிய சன்ஷேடு அதை மறைக்காது. காற்று, மழை இரண்டும் இடுக்குகள் நிறைந்த பழைய கட்டடங்களில் ஓரளவு பாதிக்கும். தொடக்கக்காரர் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

தாமதம் ஒன்று இருக்கிறது. தடித்த கான்கிரீட்டும் செங்கலும் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். அதனால் வெப்ப அலையின் முதல் நாளைவிட மூன்றாம் நாள் அதே வெப்பநிலையிலும் கூடுதல் மின்சாரம் கேட்கும். தினசரிக் கணக்கு வைத்திருப்பவர்கள் முந்தைய நாளின் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்தால், கோட்டை விட்டு விலகி நின்ற பல புள்ளிகள் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். மாதக் கணக்கில் இது தெரியாது.

ஏசியின் குணமும் கொஞ்சம் இடையில் வரும். வெளியே சூடு ஏற ஏற, உள்ளிருக்கும் வெப்பத்தை அந்தச் சூட்டுக்குள் தள்ளுவது கடினமாகிறது. ஒரே அளவு குளிர்ச்சிக்கு 28 டிகிரியில் எடுத்ததைவிட 38 டிகிரியில் அதிக மின்சாரம் எடுக்கும். எனவே கோடு வலது கோடியில் சற்று மேல்நோக்கி வளைவது இயல்பு.

கணக்கைக் கெடுப்பவை

கோடு சரியாக வராததற்குக் காரணம் பெரும்பாலும் இயற்பியலில் இருக்காது, தரவில் இருக்கும். மீட்டர் எடுத்த தேதி மாத முதல் தேதியாக இருப்பதில்லை. 8-ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 11-ஆம் தேதி வரையிலான யூனிட்டை, 1 முதல் 30 வரையிலான வெப்பநிலையோடு பொருத்தினால் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. டிகிரி நாளையும் 8 முதல் 11 வரையே கூட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரு நாளுக்கான யூனிட்டாக மாற்றிக்கொள்வதும் அதனால்தான். இல்லையென்றால் 28 நாள் பிப்ரவரி சிக்கனமான மாதமாகத் தெரியும். அப்புறம், ஆள் வராமல் உத்தேசமாகப் போட்ட மீட்டர் கணக்கு. ஒரு மாதம் தாழ்ந்தும் அடுத்த மாதம் அதே அளவு உயர்ந்தும் இருந்தால் அந்த இரண்டையும் சேர்த்து ஒரே புள்ளியாக்கிவிடுங்கள்.

வெப்பநிலையை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். வானிலை நிலையங்கள் பல விமான நிலையங்களில் இருக்கின்றன. திறந்த வெளி, நல்ல காற்று. நெரிசலான நகர மையம் இரவில் அதைவிடச் சூடாக இருக்கும். எப்போதும் அதே நிலையத்தை வைத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் சமநிலை எண்ணுக்குள் அடங்கிவிடும். நடுவில் நிலையத்தை மாற்றினால்தான் வம்பு. நிலையமே அருகில் இல்லையென்றால் ஐரோப்பிய வானிலை மையத்தின் இஆர்ஏ5 என்ற வானிலைத் தரவுத் தொகுப்பு இருக்கிறது. 1940 முதல் உலகம் முழுவதற்கும் மணிக்கணக்கில், இலவசமாகக் கிடைக்கிறது. நாசாவின் பவர் என்ற வானிலைத் தரவுத் தளமும் இலவசம்தான். ஆனால் இஆர்ஏ5-இன் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். மணிக்கணக்கு மீட்டரோடு அப்படியே ஒட்டினால் உச்சி வெயில் விடியற்காலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோடு கலங்கிப் போவதற்குக் காரணம் தேடி நாட்கணக்கில் அலைபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மாடியில் சோலார் பலகை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மின்வாரிய மீட்டர் காட்டுவது செலவிலிருந்து உற்பத்தியைக் கழித்த மீதி. வெயில் நன்றாக அடிக்கும் நாளில் ஏசியும் அதிகம் ஓடும், பலகையும் அதிகம் உற்பத்தி செய்யும். இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும். உற்பத்தி அளவைத் தனியாக எடுத்துத் திரும்பக் கூட்டிய பிறகே படம் போட வேண்டும்.

ஆள் நடமாட்டம் பருவத்தோடு சேர்ந்து மாறும் கட்டடங்கள் இன்னொரு பொறி. கடும் கோடையில் மூடியிருக்கும் பள்ளிக்கு இந்தப் படத்தைப் போட்டால், வெயில் ஏற ஏற மின்சாரம் குறைவதாக வரும். கோடு அழகாகப் பொருந்தவும் செய்யும், முழுத் தவறாகவும் இருக்கும். விடுமுறை மாதங்களைத் தனியே பிரித்துவிட்டு மீதிக்குத்தான் கோடு போட வேண்டும். 2020-ல் உலகம் முழுக்க அலுவலகங்கள் காலியானபோது, அந்த ஆண்டை அடிப்படை ஆண்டாக வைத்திருந்த கணக்குகள் எல்லாம் இதே காரணத்தால் பயனற்றுப் போயின.

எவ்வளவு நம்பலாம்?

எக்செல் ஒரு ஆர் ஸ்கொயர் எண்ணைக் கொடுக்கும். செலவின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கைக் கோடு விளக்குகிறது என்பதை அது சைபர் முதல் 1 வரை சொல்லும். 1-க்கு அருகில் இருந்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். அரை உண்மைதான். வானிலைக்கு அசையாத கட்டடத்தில் கோடு படுத்துக் கிடக்கும், ஆர் ஸ்கொயர் சைபரை ஒட்டி இருக்கும். அந்தக் கட்டடத்தின் கணக்கை ஊகிப்பது சுலபமாகவே இருக்கும். பள்ளியின் கதையில் அது நன்றாக இருந்தும் பயனில்லை.

எனக்குப் பயன்படுவது வேறொரு எண்: புள்ளிகள் கோட்டிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகி நிற்கின்றன, அது மொத்தச் சராசரிச் செலவில் எத்தனை விழுக்காடு. அமெரிக்காவின் ஆஷ்ரே பொறியாளர் சங்கம் தன் 14-ஆம் எண் வழிகாட்டியில் மாதத் தரவுக்கு 15 விழுக்காடு, மணிக்கணக்குத் தரவுக்கு 30 விழுக்காடு என்று மேல்வரம்பு சொல்கிறது. இவை தாராளமான வரம்புகள். நம் உதாரணத்தில் மிச்சம் 7 விழுக்காடு. புள்ளிகள் வழக்கமாகவே 5 விழுக்காடு மேலும் கீழும் ஆடுகின்றன என்றால், ஒரு மாதத்தை மட்டும் காட்டி வெற்றி என்று சொல்வது அவசரம். ஒவ்வொரு மாதத்தின் மிச்சத்தையும் முந்தையதோடு கூட்டிக்கொண்டே போய் ஒரு கோடாக வரையுங்கள். வெறும் ஆட்டமாக இருந்தால் அது சைபரைச் சுற்றி வரும். உண்மையான மிச்சமாக இருந்தால் ஒரே திசையில் சீராக நகரும். ஏதாவது ஒரு மாதத்தில் திசை மாறினால், அந்த மாதத்தில் கட்டடத்தில் என்ன நடந்தது என்று விசாரிக்கலாம். பழுதான டைமரும், யாரோ கூட்டி வைத்த தெர்மோஸ்டாட்டும் இப்படித்தான் பிடிபடும்.

கோட்டை அது பார்க்காத இடத்துக்கு இழுக்கவும் கூடாது. 31 டிகிரி வரை மட்டுமே பார்த்த ஒரு கோட்டை வைத்து 36 டிகிரி மாதத்துக்குக் கணக்குச் சொன்னால், மேலே சொன்ன இரண்டு வளைவுகளில் எது வந்து நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு ஆண்டுகளை ஒப்பிட வேறொரு வழியும் உண்டு. இந்த ஆண்டு வானிலைக்குப் பழைய கட்டடத்தைக் கொண்டுவருவதற்குப் பதிலாக, இரண்டு கோடுகளையும் ஒரு சராசரி ஆண்டின் வானிலைக்குக் கொண்டுபோவது. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் கட்டடங்களையோ பல ஆண்டுகளையோ ஒப்பிட இது வசதி. சராசரிக்கு 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுத் தரவை எடுக்கலாம். கட்டட வடிவமைப்பாளர்கள் வேறு மாதிரி செய்கிறார்கள். பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து மிக இயல்பான ஒரு ஜனவரி, மிக இயல்பான ஒரு பிப்ரவரி என்று பொறுக்கி, பன்னிரண்டையும் கோத்து மாதிரி ஆண்டு ஒன்றைத் தயாரிப்பார்கள். அந்த ஜனவரி ஒரு ஆண்டிலிருந்தும் பிப்ரவரி வேறொரு ஆண்டிலிருந்தும் வந்திருக்கும்.

மாதிரி ஆண்டுக் கோப்பைப் பயன்படுத்தும்போது அது எந்தக் காலத்துப் பதிவுகளிலிருந்து வந்தது என்று மட்டும் பார்த்துவிடுங்கள். 1980-களின் பதிவுகளைக் கொண்டு செய்த கோப்புகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. புவி அதற்குப் பிறகு சூடாகியிருப்பதால், அவற்றை வைத்துப் போட்ட குளிர்விப்புக் கணக்கு இன்றைய தேவையைவிடக் குறைவாகவே காட்டும். புதிய கட்டடத்துக்கு ஏசியின் அளவை முடிவுசெய்கிறவர் அப்படியொரு கோப்பை நம்பினால், படத்தின் வலது கோடியில் கோடு சமமாகிப் போகும் அந்த நாட்கள் முதல் கோடையிலேயே வந்துவிடும்.